மூணே மூணு குரல், அதுக்குள்ளே ஒரு கச்சேரி!

கமடோர் 64 என்று யாராவது பேச்சை எடுத்தாலே போதும், எனக்கு உடம்பு சிலிர்த்துவிடுகிறது. ஒரு பழைய கணினியைப் பார்த்தா மனுஷன் இப்படிச் சொக்கிப்போவான் என்று வீட்டில் கேட்கிறார்கள். போவான் ஐயா, போவான்! அந்தப் பழுப்புப் பெட்டி ஒரே ஒரு முறை எதிரில் உட்கார்ந்து பாடட்டும், நீங்களும் போவீர்கள்.

நினைத்துப் பாருங்கள். பழைய கணினிகளைச் சேர்த்துவைக்கும் நண்பரின் மேசை. கீபோர்டே கணினியாக இருக்கிற தடித்த பெட்டி. சுவிட்சைத் தட்டியதும் நீலத் திரை, வெளிர்நீல எழுத்தில் ‘ரெடி’ என்று ஒரு வார்த்தை, அதன் கீழே விட்டுவிட்டு மின்னும் ஒரு சதுரம். ஒலியை டிவிக்கு அனுப்பாமல் ஆம்ப்ளிஃபையர் வழியாக இரண்டு பெரிய ஸ்பீக்கருக்கு இழுத்துவிட்டிருந்தார் நண்பர். “நீங்களே தட்டுங்க” என்று சில ‘போக்’ கட்டளைகளைச் சொன்னார். போக் 54296,15: வால்யூம் முழுசாகத் திறந்தாச்சு. போக் 54278,240: எழுப்பிய ஸ்வரம் தளராமல் நிற்பதற்கு. போக் 54273,17: சுருதி. கடைசியாக போக் 54276,33 என்று அடித்து ரிட்டர்னைத் தட்டினேன், அவ்வளவுதான்! ஊம்ம்ம் என்று முரட்டுத்தனமாக ஒரு ஸ்வரம் கிளம்பி அறையை நிறைத்தது. 33க்குப் பதில் 17 போட்டேன், அதே ஸ்வரம் மெத்தென்று குழைந்தது. 129 போட்டேன், கரகரவென்று வெறும் இரைச்சல். ஒரு எண்ணை மாற்றினால் ஒரு வாத்தியமே மாறுகிறது! திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே இருந்தேன், நண்பர் கொண்டுவந்து வைத்த காபி ஆறி ஏடு படிந்ததுகூடத் தெரியவில்லை.

இந்தச் சத்தம் தற்செயலாக வந்ததில்லை. 1981இல் மாஸ் டெக்னாலஜியில் இதை எழுப்பும் ‘சிட்’ என்ற ஒலிச் சில்லை வடிவமைத்த பாப் யானஸ் சின்தசைசர் பைத்தியம். அன்றைய கணினிகளின் ஒலிச் சில்லுகளைச் செய்தவர்களுக்குச் சங்கீதமே தெரியாது என்பது அவர் கட்சி. அதனால் மூன்று ஆசிலேட்டர், அதாவது மூன்று குரல், ஒவ்வொன்றுக்கும் நாலு வகை அலைவடிவம், ஸ்வரம் எப்படி எழுந்து எப்படி அடங்கவேண்டும் என்று தனித்தனியாகச் சொல்ல ஒரு என்வலப், எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அசல் அனலாக் ஃபில்டர் என்று, சின்தசைசரில் இருக்கவேண்டிய சாமான்களை 28 கால் உள்ள ஒரு சில்லில் அடக்கிவிட்டார். 1982இல் அது கமடோர் 64க்குள் ஏறியது. அந்தக் கணினி ஒரு கோடிக்கும் மேல் விற்றது. பிற்பாடு என்சோனிக் என்ற சின்தசைசர் கம்பெனியைத் தொடங்கியவர்களில் யானஸும் ஒருவர், கேட்கவேண்டுமா!

ஆனால் என்னை அடியோடு சாய்த்தவர் ராப் ஹப்பார்ட். 1985இல் வந்த ‘மான்ட்டி ஆன் தி ரன்’ விளையாட்டுக்கு அந்த இங்கிலாந்துக்காரர் போட்ட இசையை நண்பர் ஏற்றினார் பாருங்கள், தலைதெறிக்க ஒரு பேஸ் ஓடுகிறது, அதன் மேல் மெட்டு துள்ளிக்கொண்டு வருகிறது, இடையில் கார்டு விழுகிறது, டிரம் அடிக்கிறது, நான் ஸ்பீக்கரையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்க்கிறேன், இருப்பதே மூன்று குரல், எங்கிருந்து ஐயா இத்தனை பேர் வாசிக்கிறார்கள்? சூட்சுமம் இதுதான்: ஐரோப்பிய மாடலில் இசை நிரல் பொதுவாக நொடிக்கு 50 தடவை ஓடும், ஒவ்வொரு தடவையும் ஒரு குரலுக்கு வேறு வேலை கொடுக்கலாம். ச, க, ப மூன்றையும் ஒரே குரலில் அந்த வேகத்தில் சுழற்றினால் காதுக்கு அது கார்டு! பேஸ் வாசிக்கிற குரலே கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இரைச்சலாக மாறி ஒரு டிரம் அடியைப் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி பேஸுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்! இதையெல்லாம் மவுஸால் இழுத்துப் போடவில்லை சாமி, ஸ்வரம் ஸ்வரமாக எண்களாக்கி அசெம்பிளரில் தட்டியிருக்கிறார் அந்த மனுஷன். ஐந்து நிமிடத்துக்கும் மேல் ஓடுகிற அந்த இசையின் நடுவே ஒரு சோலோ வரும், ஸ்வரத்தை எலக்ட்ரிக் கிட்டார் கம்பியாக இழுத்து வளைத்து நெளித்து மேலே மேலே ஏற்றுவார், அந்த இடத்தில் நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கைதட்டினேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, முடிந்ததும் “இன்னொரு தடவை, இன்னொரு தடவை” என்று சின்னப் பிள்ளையாகக் கெஞ்சினேன், நண்பரும் சளைக்காமல் போட்டார்!

இன்னொரு அதிசயம் கேளுங்கள். 6581 என்ற அந்த முதல் ரகச் சில்லுகளில் ஃபில்டர் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது; ஒரே பாட்டு ஒரு பெட்டியில் இருண்டு ஒலிக்கும், அடுத்ததில் பளிச்சென்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சொந்தத் தொண்டை! அமைதியான இடங்களில் பின்னால் லேசாக உஸ்ஸென்று கேட்கும்தான், கேட்டால் கேட்கட்டும். ஸ்வீடனின் எலெக்ட்ரான் நிறுவனம் 1990களின் கடைசியில் இதே அசல் சில்லை உள்ளே வைத்து ‘சிட்ஸ்டேஷன்’ என்று ஒரு சின்தசைசரே செய்து விற்றது. எலக்ட்ரானிக் இசைக்காரர்கள் தேடி வாங்கினார்கள். சில்லு தீர்ந்தது, தயாரிப்பும் நின்றது. அந்தச் சத்தத்துக்கு மாற்றே கிடையாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நீங்களும் கேட்டே ஆகவேண்டும். ‘ஹை வோல்டேஜ் சிட் கலெக்‌ஷன்’ என்ற தொகுப்பில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிட் இசைத் துண்டுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, சாதாரணக் கணினியிலேயே ஓடும். முதலில் மான்ட்டி. அப்புறம் மார்ட்டின் கால்வேயின் ‘பாரலாக்ஸ்’, அதை அவசரப்படாமல், நல்ல ஹெட்ஃபோனில், முழுசாகக் கேளுங்கள். அசல் பெட்டி வைத்திருக்கிறவர் யாராவது தெரிந்தால் கூச்சப்படாமல் கதவைத் தட்டி, ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேளுங்கள்.