லிஃப்டில் நின்ற பெண்

வெளிநாடு போய்த் திரும்பிய நண்பர் ஒருவர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார். கைபேசியில் இரண்டாயிரத்துக்கு மேல் படங்கள். ஒன்று விடாமல் காட்டினார். காப்பி ஆறிப்போயிற்று. படங்களில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. எல்லாம் துல்லியம், எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பூ விற்கிறவள் சிரிக்கிறாள், ஹோட்டல் சிப்பந்தி சிரிக்கிறான், போலீஸ்காரன்கூடச் சிரிக்கிறான். இத்தனை சந்தோஷமான ஜனங்கள் எந்த நாட்டிலாவது இருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் போன பிறகு, அலமாரியிலிருந்து ராபர்ட் ஃபிராங்கின் 'அமெரிக்கர்கள்' என்ற படப் புஸ்தகத்தை எடுத்து மறுபடியும் புரட்டினேன்.

ஃபிராங்க் 1924இல் ஸ்விட்ஸர்லாந்தில், ஸூரிச் நகரில் பிறந்தவர். 1947இல் நியூயார்க்குக்கு வந்து, பத்திரிகைகளுக்கு ஃபாஷன் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். 1955இல் அவருக்குக் குக்கன்ஹைம் உபகாரச் சம்பளம் கிடைத்தது. பழைய ஃபோர்டு கார் ஒன்று, கையில் லைக்கா காமிரா. அந்த வருஷமும் மறு வருஷமும் அமெரிக்காவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினார். 767 ஃபிலிம் சுருள்கள் செலவாயின. ஏறக்குறைய 27,000 படங்கள். புஸ்தகத்தில் சேர்ந்தவை 83. முந்நூறு படத்துக்கு ஒன்று என்ற கணக்குக்கூட இல்லை. நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் இந்தக் கணக்கைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. எழுதியதில் ஒரு பக்கத்தை அடிப்பதற்கே நாங்கள் எவ்வளவு முனகுகிறோம்!

அந்நியனுடைய கண் புதிய கண், அதனால்தான் உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது என்று இந்தப் புஸ்தகத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லுவார்கள். எனக்கு இது சரியென்று படவில்லை. புதிய கண்ணுக்கு முதலில் தெரிவது வானளாவிய கட்டடங்களும் சுதந்திர தேவி சிலையும்தான். என் நண்பருடைய கண்ணும் புதிய கண்தானே? ஃபிராங்க் காரில் கிளம்பியபோது அமெரிக்கா வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அவரை விருந்தாளி என்று சொல்ல முடியாது. வீட்டுக்காரர் என்றும் சொல்ல முடியாது. மாடியில் வாடகைக்குக் குடியிருப்பவர் என்று வேண்டுமானால் சொல்லலாம். கீழே வீட்டுக்காரருக்குள் நடக்கிற சண்டையைப் பற்றி வீட்டுக்காரரைவிட மாடிக் குடித்தனக்காரருக்கு அதிகம் தெரியும் என்பது குடியிருந்தவர்களுக்குப் புரியும்.

முதல் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹோபோகென் என்ற ஊரில் ஓர் ஊர்வலம். ஆனால் ஊர்வலம் படத்தில் இல்லை. செங்கல் சுவர், இரண்டு ஜன்னல்கள், ஜன்னலுக்கு ஒரு பெண். நடுவில் தொங்குகிற தேசக்கொடி ஒருத்தியின் முகத்தை மறைத்துவிடுகிறது. வந்த மறுநாளே இதைப் பார்த்தவனுக்குக் கொடி ஓர் அலங்காரம். அங்கேயே பிறந்தவனுக்குக் கொடி கண்ணிலேயே படாது. அது ஒரு முகத்தை மறைக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் அந்த எட்டு வருஷம் தேவையாயிருந்தது.

இப்படிப் பார்ப்பதை உள்ளூர்க்காரர்கள் சும்மா விட்டுவிட மாட்டார்கள். 1955 நவம்பரில் ஆர்க்கன்ஸா ராஜ்யத்தில் மெக்கீ என்ற சின்ன ஊரில் போலீஸார் காரை நிறுத்தினார்கள். நியூயார்க் நம்பர் பலகை, அந்நிய உச்சரிப்பு, காமிராக்கள். கம்யூனிஸ்டோ என்று சந்தேகம். பல மணி நேரம் வைத்திருந்து, கைரேகை எடுத்துக்கொண்டு விட்டார்கள். அதே நவம்பரில்தான் நியூ ஆர்லியன்ஸில் அந்த டிராம் படம் எடுக்கப்பட்டது. வரிசையாக ஜன்னல்கள், முன்னால் வெள்ளைக்காரர்கள், நடுவில் இரண்டு குழந்தைகள், பின்னால் கறுப்பு மனிதர் ஒருவர், அவருக்கும் பின்னால் ஒரு கறுப்புப் பெண். அந்த ஊர் டிராமில் 1958 வரை இதுதான் சட்டம். மாண்ட்கோமரியில் ரோஸா பார்க்ஸ் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்தது 1955 டிசம்பர் முதல் தேதி. ஒரு பத்திரிகை நிருபர் பத்துப் பாராவில் எழுதக்கூடியதை டிராம் ஜன்னல்களே சட்டம் போட்டு மாட்டியதுபோல் காட்டிவிடுகின்றன. அந்தக் கறுப்பு மனிதருடைய முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. பார்த்துக்கொள்ள வேண்டியது.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இது அல்ல. மயாமி பீச் ஹோட்டல் ஒன்றின் லிஃப்ட் படம். லிஃப்டை இயக்குகிற சின்னப் பெண் ஒருத்தி நிற்கிறாள். அவளைத் தாண்டிப் போகிற பெரிய மனிதர்கள் எல்லாம் கலங்கலாக, வெறும் நிழலாகத் தெரிகிறார்கள். அவள் முகம் மட்டும் தெளிவு. கண் மேலே எங்கேயோ போயிருக்கிறது. அமெரிக்கப் பதிப்புக்கு முன்னுரை எழுதிய ஜாக் கெரவாக், தனிமையில் வாடும் பெண் என்று இவளுக்காக உருகி, பேரும் விலாசமும் என்ன என்று கேட்டுவிட்டார்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 2009இல், அவள் யார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. ஸான் ஃபிரான்ஸிஸ்கோ அருங்காட்சியகத்தில் இந்தப் படத்துக்கு முன்னால் நின்ற அம்மாள் ஒருவர், அது தாமே என்று கண்டுகொண்டார். படம் எடுத்தபோது அவருக்கு வயது 15. அவர் சொன்ன விவரந்தான் முக்கியம். முதலில் அவளுக்குத் தெரியாமலே நாலைந்து படம் எடுத்திருக்கிறார் ஃபிராங்க். லிஃப்ட் காலியான பிறகு, திரும்பிச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். அவளும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, குஷியாக எட்டுப் பத்துப் படத்துக்குச் சிரித்திருக்கிறாள்.

ஃபிராங்க் அந்தச் சிரிப்பையெல்லாம் தள்ளிவிட்டார்.

இது நியாயமா? கேள்வி சின்னக் கேள்வியல்ல. சிரிக்கச் சொன்னவரும் அவரே. சிரிப்பைத் தள்ளியவரும் அவரே. அந்தப் பெண் மனமாரக் கொடுத்ததை வேண்டாம் என்று வைத்துவிட்டு, அவள் கொடுக்காததை எடுத்துக்கொண்டு போனார். திருட்டு என்று ஒருவர் சொன்னால் எனக்குச் சட்டென்று பதில் வராது. கதை எழுதுகிற எல்லோரும் செய்கிற திருட்டு இதுதான் என்பது வேறு விஷயம். அடுத்த வீட்டு மாமி நம்மிடம் வந்து பேசியதையா எழுதுகிறோம்? பேசிவிட்டு வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்றாளே, அதை எழுதுகிறோம்.

இதற்குத் தீர்ப்புச் சொல்ல உரிமை உள்ளவர் ஒருவர்தான், அந்த அம்மாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லோரும் என் சிரிப்பைத்தான் பார்ப்பார்கள், இவர் அதற்குக் கீழே இருந்ததைப் பார்த்துவிட்டார், என்னோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு மட்டுமே தெரிவது அது என்ற அர்த்தத்தில் பேசினார். கூடவே ஒரு திருத்தமும் செய்தார்: அது தனிமை என்று சொல்ல முடியாது, ஒருவிதக் கனவு நிலை என்றார்.

கெரவாக் வார்த்தையில் தவறியது படத்தில் தவறவில்லை. இதற்கு ஒரு காரணம் உண்டென்று நினைக்கிறேன். 1958இல் பாரிஸில் டெல்பீர் முதன்முதலில் வெளியிட்டபோது, படத்துக்கு எதிர்ப் பக்கத்தில் அமெரிக்காவைப் பற்றிப் பல ஆசிரியர்கள் எழுதியவற்றைத் திரட்டிப் போட்டிருந்தார்கள். படம் வெறும் சாட்சியாகக் கைகட்டி நின்றது. 1959ஆம் வருஷத்து அமெரிக்கப் பதிப்பில் அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். எதிர்ப் பக்கம் காலி. ஊர்ப் பெயர் மட்டும். முன்னுரை ஒன்று மிச்சம். அதுவும் போயிருந்தால் எனக்கு நஷ்டமில்லை. கெரவாக் அன்பர்கள் மன்னிக்க வேண்டும்.

அந்த நாளில் விமரிசகர்கள் சிலர் படங்கள் கலங்கல், இருட்டு, அடிவானம் கோணல் என்று கண்டித்தார்கள். இந்தக் குற்றச்சாட்டை நான் பொருட்படுத்தவில்லை. என் குறை வேறு. பாட்டுப்பெட்டி, மறுபடி பாட்டுப்பெட்டி. கொடி, சிலுவை, துணி போர்த்திய கார், துணி போர்த்திய பிணம். சில இடங்களில் சோகம் ஊரில் இருந்ததா, காரிலேயே கூட வந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. சிரிப்பு மிக அபூர்வம். அந்த லிஃப்ட் பெண்ணின் கதையைப் படித்த பிறகு இந்தச் சந்தேகம் எனக்கு வலுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படியும் புஸ்தகத்தை மன்னிக்க வைக்கிற படம் ஒன்று இருக்கிறது. ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் ஒரு மேட்டுப் புல்வெளி. கீழே நகரம். கறுப்புத் தம்பதி ஒன்று, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். காமிராக்காரன் பின்னால் வந்ததை உணர்ந்து இருவரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையில் சிரிப்பும் இல்லை, கனவும் இல்லை. 'உனக்கு இங்கே என்ன வேலை?' என்ற கேள்விதான் இருக்கிறது. தன்னைக் குற்றவாளியாக்குகிற இந்தப் படத்தை அவர் 83இல் ஒன்றாகச் சேர்த்தார். தமக்கு மிகவும் பிடித்த படம் என்றும் சொன்னார். கடைசிப் படத்தில், டெக்ஸஸ் சாலை ஓரத்தில் நிற்கிற காரில், களைத்துப்போன தம் மனைவியையும் குழந்தையையுமே வைத்துவிட்டார். அவர்களும் காமிராவுக்குச் சிரிக்கவில்லை.

புஸ்தகத்தை நண்பருக்குக் கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

"நன்றாய்த்தான் இருக்கிறது, ஸார். சிரித்த முகமாக நாலைந்து சேர்த்திருக்கலாம்" என்றார்.

லிஃப்ட் பெண் சிரித்த கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்தப் படம் எங்கே கிடைக்கும்?" என்றார்.