இழுக்காமல் ஒட்டிய தோல்
18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், புனேயில், மூக்கறுபட்ட மாட்டுவண்டிக்காரர் காவஸ்ஜிக்குச் செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். எல்லோரும் வியப்பது அந்த மூக்கை. எனக்குப் பிடித்தது, வெட்டிய விளிம்புகளை அவர் சேர்த்த விதம். மெழுகுத் தகட்டில் மூக்குக்கு அளவு பிடிக்கிறார். அதையே தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிக் கோடு போடுகிறார். அந்த அளவுக்குத் தோலை உரித்து, ரத்தம் ஓடட்டும் என்று புருவங்களுக்கு நடுவே சிறு காம்பை மட்டும் விட்டு, அரைத் திருகு திருகிக் கீழே இறக்குகிறார். தையலே கிடையாது. வெற்றிலையோடு மெல்லும் அதே காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணிக்கீற்றுகளில் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு ஒட்டுகிறார். நாலு நாள் அதைத் தொடுவதில்லை. பிறகு நெய்யில் நனைத்த துணி. ஆள் ஐந்தாறு நாள் மல்லாந்தே கிடக்க வேண்டும். காம்பை அறுப்பது 25-ஆம் நாள் வாக்கில்தான். என்ன நிதானம்!

புண்ணின் விளிம்புகள் விறைத்து இழுபட்டால், தோலின் செல்கள் பதறிப்போய் நாரிழைகளை அள்ளிக் கொட்டும். தழும்பு தடித்து அகலும். இழுப்பு குறைந்தால் கோடு மெலியும். செல்லைப் பார்த்திராத அந்தப் புனேக்காரரின் கைக்கும் அசையாமல் வைப்பதன் அருமை தெரிந்திருந்தது. இன்று தையல் பிரித்த இடத்தில் குறுக்கே ஒட்டுகிற மெல்லிய காகிதப் பட்டையும் விளிம்புகளை இழுபடாமல் பிடிக்கும் இந்த வேலையைத்தான் செய்கிறது. உங்களுக்கு ஒட்டியிருந்தால், அரிக்கிறதே என்று உரித்துவிடாதீர்கள். டாக்டர் சொல்லும்வரை இருக்கட்டும்.