குரலுக்கு அருகே ஒரு செவி

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் லாரிகள் அல்லும் பகலும் இரைந்துகொண்டிருக்க, அந்த ஆரவாரத்துக்கு இடையிலும் பாட்டி ஒருத்தியின் தாலாட்டை அதன் மூச்சோடு கைபேசியில் பதிந்துகொள்ள முடிகிறதென்றால், அந்தப் பெருமை அவள் ரவிக்கைக் கழுத்தோரத்தைக் கவ்வியிருக்கும் விரல்நுனியளவு காலர் மைக்கையே பெரிதும் சாரும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலியின் அழுத்தம் பாதியாகக் குறைவது இயற்கையின் நியதி. ஆகவே நான்கடி தள்ளிப் பிடித்த கைபேசி குரலையும் சாலையையும் பேதமின்றி ஏற்றுக்கொள்ள, வாய்க்கு ஒரு சாண் கீழே அமர்ந்த இச்சிறு கருவியோ, இதழ்கள் பிரியும் மெல்லோசையையும், மெல்லின எழுத்து மூக்கில் தங்கி ரீங்கரிப்பதையும், அடுத்த அடிக்கு முன் இழுக்கும் சுவாசத்தையும் ஸ்பஷ்டமாக நமக்குத் தந்துவிடுகிறது.

இதைப் பொருத்துவதிலும் ஒரு கலை இருக்கிறது. பழகிய கை, தாலிச்சரடு உராயாத இடம் பார்த்துக் கிளிப்பை மாட்டும். ஒயரை முந்தானைக்குள் சிறு வளையமாக்கி, இழுபட்டாலும் சத்தம் எழாதபடி தளர விடும். காற்று எழுந்தால் அணிற்பிள்ளையின் வால்போல் மெத்தென்ற ரோம உறையைப் போர்த்தும். பிறகு ஹெட்போனை அணிந்து, ஒருவரும் பேசாதபோது அவ்விடம் எழுப்பும் ஓசையையே சற்று நேரம் பதிந்து கேட்கும். கைபேசிகளே உற்பத்தியாகும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், ஒரு குரலை அதன் இயல்பு கெடாமல் காக்கும் இந்தப் பொறுமை மனமாரப் பாராட்டத் தக்கது.