வாரம் யாருக்கு?

வாரம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று ஏழு நாள். இன்னொன்று, விளைந்ததைப் பங்கு பிரிப்பது. மேல்வாரம் நிலத்தின் மேல் உரிமை கொண்டாடியவனுக்கு, குடிவாரம் பயிர் வைத்தவனுக்கு. காலனிக்காரர்களில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டுமே கிடையாது, கூலிதான். ஆகவே வாரம் என்று காதில் விழுந்தால் 'யாருக்கு எவ்வளவு?' என்று கேட்பதுதான் நமக்கு முறை. தொடக்கப்பள்ளியில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வாரம் வாரமாக நடக்கிற பாடத்தையும் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே வாசித்துப் பார்ப்போம்.

நாவலையும் கவிதையையும் பேசுகிற பக்கங்களில் ஒண்ணாங் கிளாஸ் பாடத்துக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். 2011 கணக்கெடுப்புப்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பேர் தாழ்த்தப்பட்ட மக்கள். அரியலூரில் 23 பேர். இந்தச் சனங்களின் கைக்கு முதன்முதலில் வந்து சேருகிற அச்சுப் பிரதி ஒன்றாம் வகுப்புப் புத்தகம்தான். நம் அப்பன், ஆத்தா தலைமுறையில் பலருக்குக் கடைசியாக வந்ததும் அதுதான். ஒரு பிரதி யாரை வாசகராக மனதில் வைத்து எழுதப்படுகிறது என்பது விமர்சனத்தின் அடிப்படைக் கேள்வி. அதை முதலில் இங்கேதான் கேட்க வேண்டும்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2022 ஜூன் 13 அன்று 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தையும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும், அதுவும் 2025க்குள் என்பது இலக்காக இருந்தது. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றுக்கும் ஆசிரியர் கையேடு, மாணவர் பயிற்சி நூல். குழந்தையின் வகுப்பைப் பார்க்காமல் அதற்கு என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலை. பாட்டு, கதை, பொம்மை, ஆட்டம் எல்லாம் உள்ளே வந்தன. பிரம்பை நம்பி நடந்த பழைய வகுப்பறையைவிட இது எவ்வளவோ மேல். இதில் நமக்குச் சண்டை இல்லை.

சண்டை வாரத்தோடுதான். பாடம் வாரக் கணக்கில் நகர்கிறது. இந்த வாரம் இந்த எழுத்துகள், அடுத்த வாரம் அடுத்தவை. திட்டம் தொடங்கிய ஆண்டுகளில் வளரறி மதிப்பீட்டை வாரந்தோறும் கைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டியிருந்தது. ஆசிரியர் சங்கங்களே இதை எதிர்த்தன. திங்கள் முதல் வெள்ளி வரை தவறாமல் வருகிற ஒரு குழந்தையைக் கற்பனை செய்து வைத்துக்கொண்டுதான் இப்படி ஒரு கால அட்டவணை போட முடியும். அந்தக் குழந்தைக்கு நிலையான வீடு உண்டு, மாதச் சம்பளமோ சொந்தக் காணியோ உண்டு, அதற்குக் காய்ச்சல் வந்தால் பார்க்க வீட்டில் ஆள் உண்டு.

நம் பக்கத்து வருசம் அப்படி ஓடுவதில்லை. ஆலத்தூர், செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் பிடுங்க ஆள் போகும். தை, மாசியில் பருத்தி எடுப்பு, மக்காச்சோளம் ஒடிப்பு. கரும்பு வெட்டு என்றால் குடும்பத்தோடு கிளம்பி எங்கேயாவது கொட்டகை போட்டுத் தங்க வேண்டும். காலனி மாலை வகுப்பில் ஒரு தாய் கேட்டார்: "நாங்க வேலைக்குப் போனா புள்ளைய எங்க சார் உட்டுட்டுப் போறது? நீங்க பாத்துப்பீங்களா?" பதில் சொல்ல முடியவில்லை. அவருடைய மகள் மூன்றாம் வகுப்பு. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது வகுப்பு எங்கேயோ போயிருந்தது. அம்மா சுமந்து லாரியில் ஏற்றிய கரும்புக் கட்டுகளை நாள்வாரியாகக் கணக்கு வைத்துக்கொண்டு, மேஸ்திரி குறைத்துச் சொன்னால் பிடித்துவிடுகிற பிள்ளை அது. பள்ளிப் பதிவில் அதற்குக் கூட்டல் வரவில்லை.

இதற்கு முன்பு ஒரு முறை இருந்தது. ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியில் உருவாக்கிய முறையைத் தழுவி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007–08இல் மாநிலம் முழுக்கக் கொண்டுபோன செயல்வழிக் கற்றல். அட்டை, படச் சின்னம், கற்றல் ஏணி. அதிலும் ஆயிரம் குறை உண்டு. அட்டைகள் கிழிந்தன, ஆசிரியர்கள் சலித்தார்கள், பிள்ளைகளைத் தாங்களே படிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள் என்ற புகாரும் வந்தது. ஆனால் இரண்டு விசயம் அதில் முக்கியம். ஒன்று, வாத்தியார் நாற்காலியை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு பாயில் உட்கார வேண்டும். ஊர்த் தெருவிலிருந்து வருகிற ஆசிரியர் காலனிப் பிள்ளையோடு ஒரே பாயில் உட்காருவது நம் மாவட்டங்களில் சின்னக் காரியமா? இரண்டு, ஒரு மாதம் வராத பிள்ளையும் திரும்பி வந்தால் விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். 'நீ பின்தங்கிட்டே' என்று அந்த ஏணி சொல்லாது. வாரத் திட்டம் அதைத்தான் முதலில் சொல்கிறது.

அரும்பு, மொட்டு, மலர். பெயர்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை "டேய், அவன் இன்னும் அரும்புடா" என்று பக்கத்துப் பையன் சொல்லும்போது அது பூவின் பெயராக இருப்பதில்லை. சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கினார் அம்பேத்கர். அப்படிப்பட்ட சமூகத்தில் எந்தப் படிநிலையை உள்ளே கொண்டுவந்தாலும் அது ஏற்கெனவே இருக்கிற படியின் மேல்தான் போய் உட்காரும். திட்டம் போட்டவர்கள் இதை நினைத்துச் செய்யவில்லை. நினைக்காமலே நடந்துவிடுகிறது என்பதுதான் சாதியின் பலம்.

அடுத்தது சொல். சுவரில் தொங்குகிற அரிச்சுவடி அட்டையை எடுத்துக்கொள்வோம். அ அம்மா, ஆ ஆடு, இ இலை, ஈ ஈ, உ உரல், ஊ ஊஞ்சல், ஒ ஒட்டகம். ஒட்டகத்தை எங்கள் பிள்ளை பார்த்ததில்லை என்று சொல்வது சுலபமான விமர்சனம்; பார்க்காததையும் படிக்கத்தான் பள்ளி. சிக்கல் 'இலை'யில் இருக்கிறது. நம் வாயில் அது 'எல'. உரல் 'ஒரலு'. இடம் 'எடம்', உலகம் 'ஒலகம்'. அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால் முதலில் நிற்கிற இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும். இது பேச்சுத் தமிழின் ஒழுங்கான விதி, பிழை கிடையாது. அப்படியிருக்க, இகரத்தைக் கற்பிக்க எடுத்த சொல்லே அந்தப் பிள்ளையின் வாயில் இகரத்தில் தொடங்கவில்லை. படத்தைக் காட்டினால் பிள்ளை 'எல' என்கிறது. சரியாகத்தான் சொல்கிறது. மதிப்பீட்டில் தப்பு.

ஊர்த் தெருவும் 'எல' என்றுதான் பேசுகிறது, சேரி மட்டுமில்லை. வித்தியாசம் என்னவென்றால், ஊர்ப் பிள்ளைகளில் பலர் மூன்று வயதிலேயே வேன் ஏறி எல்.கே.ஜி.க்குப் போய்விட்டார்கள். ஒன்றாம் வகுப்பின் முதல் வாரம் அவர்களுக்கு மூன்றாவது வருசம். பல கிராமங்களில் ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் மிச்சம் இருப்பது காலனிப் பிள்ளைகள்தான். அங்கே எல்லோருக்கும் பொதுவான பேச்சு 'சேரிப் பேச்சு' என்று பெயர் வாங்கிக்கொண்டு திருத்தப்படுகிறது. வானத்தை 'மானம்' என்று சொன்ன பிள்ளையைப் பார்த்து வகுப்பே சிரித்தால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வாய் திறக்காது. வாய் திறக்காத பிள்ளைக்குச் செயலியில் ஒரு குறி விழும். அவ்வளவுதான் நமக்குத் தெரியவரும்.

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. இப்படிப் பேசுகிற மொழியில் இலக்கியமா என்று அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. பிறகு பல்கலைக்கழகங்கள் தலித் எழுத்தைப் பாடமாக வைத்தன, இமையத்துக்கு 2020க்கான சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. எம்.ஏ. வகுப்பில் அந்தப் பேச்சை மொழியின் வளம் என்று எழுதி மார்க் வாங்கினோம். அதே பேச்சுக்கு ஒன்றாம் வகுப்பில் மார்க் போகிறது. இலக்கியத்தில் நாம் வாங்கிய உரிமை பள்ளிக்கூடப் படியேறவில்லை. தலித் இலக்கியம் பேசுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மொழி அரசியலை நாவலோடு நிறுத்திக்கொண்டோம்.

இதற்கு மாற்றாக 'ப என்றால் பறை' என்று எழுதிவிட்டால் போதுமா? போதாது, ஆபத்தும் கூட. ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளையைப் பார்த்து 'இது உங்க வீட்டுச் சாமான்தானே' என்று கேட்கிற நிலை வந்தால் அது குலத்தொழிலைப் பின்வாசல் வழியே அழைத்து வருவதாகும். 1953இல் ராஜாஜி அரசு அரை நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று கொண்டுவந்து, எதிர்ப்பால் 1954இல் காமராசர் அரசு கைவிட்ட நாடு இது. பிள்ளையின் பேச்சு பள்ளிக்குள் வர வேண்டும், அதன் சாதி வர வேண்டியதில்லை. புத்தகத் தமிழும் நமக்கு வேண்டும், முழுதாக வேண்டும். பேச்சிலிருந்து அதற்குப் பாலம் போடுங்கள் என்கிறோம்.

ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நேர்மையில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் மூன்று வகுப்பை, மூன்று நிலையை, மூன்று பாடத்தை ஒரே அறையில் சமாளிக்க வேண்டும். அதில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில்.

செந்துறை பக்கம் குழுமூரில் பிறந்த அனிதா 1200க்கு 1176 வாங்கியும் நீட் வாசலில் நிறுத்தப்பட்டு 2017 செப்டம்பர் 1இல் செத்துப்போனார். அந்தத் தேர்வை எதிர்த்துத் தெருவுக்கு வந்தோம், வரத்தான் வேண்டும். ஆனால் வடிகட்டுவது பிளஸ் டூவுக்குப் பிறகு தொடங்குவதில்லை. சத்தமில்லாமல், வாரம் ஒன்றாக, ஆறு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அதற்கு எதிராக ஒரு கோசமும் நம்மிடம் இல்லை.

கேட்க வேண்டியவை இவை. பாடத்தின் அளவுகோல் நாட்காட்டியாக இருக்கக் கூடாது. எந்த நாள் திரும்பி வந்தாலும் பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடர வழி வேண்டும். வகுப்புக்கு ஒரு ஆசிரியர் வேண்டும். அறுவடைக் காலத்தில் ஆத்தா அப்பன் வெளியூர் போனால் பிள்ளை ஊரிலேயே தங்கிச் சாப்பிட்டுப் படிக்க இடம் வேண்டும். ஒன்றாம் வகுப்பின் முதல் வாரம் பிள்ளைகளின் வாயிலிருந்து சொற்களைக் கேட்டுக் கரும்பலகையில் எழுதுகிற வாரமாக இருக்க வேண்டும். மதிப்பீட்டில் 'எல' தப்பாகக் கூடாது. அந்தந்த மாவட்டச் சொற்களைத் தொகுத்து ஆசிரியர் கையில் கொடுப்பது மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களுக்கு முடியாத வேலை இல்லை.

கூடவே நம் வேலை ஒன்றும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று சீட்டு வந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். இனி உட்கார்ந்து பயிற்சி நூலை வாங்கிப் பிரித்துப் பார்ப்போம். எத்தனை பிள்ளை எந்த நிலை, யார் யார் எத்தனை வாரமாக வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்போம். களத்துமேட்டில் பங்கு பிரிக்கும்போது மரக்காலை உற்றுப் பார்த்தவர்கள் நம் சனங்கள். பள்ளிக்கூட மரக்காலையும் பார்க்கத் தெரியும்.