கொல்லைக் குளத்துக்கு ஒரு ஜோடி குரோமைடு

கோய் என்னும் ஜப்பானிய அலங்காரக் கெண்டையின் பிரியர்கள் சொல்லும் ஒன்றை மறுக்கவே முடியாது. குளத்து மீனை நாம் மேலிருந்துதான் பார்க்கிறோம். ஜப்பானின் நீகாட்டா மலைக்கிராமத்துக்காரர்கள் அந்தப் பார்வைக்காகவே தலைமுறை தலைமுறையாக மீனைத் தேர்ந்து தேர்ந்து வளர்த்தார்கள். கோஹாக்கு என்ற நல்ல கோய் வகையின் வெள்ளை முதுகில் சிவப்பு எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அவர்களிடம் இலக்கணமே உண்டு. ஆனால் அது பனி பெய்யும் ஊரில் உருவான மீன். வளர்ந்தால் இரண்டடியைத் தாண்டும். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். நம் ஊர் மே மாதத்தில் அத்தனை பெரிய உடம்புக்கு அது எளிதில் போதாமல் போய்விடும். மோட்டார், ஃபில்டர், நிழல்வலை என்று செலவு ஏறும். போதாததற்குக் கெண்டை இனத்தின் குணமும் சேர்ந்துகொள்ளும்: அடிமண்ணைக் கிளறும், அல்லிக் கிழங்கைப் பெயர்க்கும். கடைசியில் மிஞ்சுவது செடியில்லாத நீல டைல்ஸ் தொட்டி. இரண்டு அங்குலக் குஞ்சை விற்கும்போதே இதையெல்லாம் சொல்லிவிடும் கடைகள் குறைந்துவிட்டன.

நம் கொல்லைக்கு ஏற்றது ஆரஞ்சு குரோமைடு என்பதே என் கட்சி. தென்னிந்தியா, இலங்கைக் கழிமுகங்களின் மீன் அது. வெயிலைத் தாங்கும், கடினமான போர்வெல் தண்ணீரையும் தாங்கும். விரல் நீளம்தான் இருக்கும். பக்கவாட்டில் தட்டையான உடம்பு என்பதால் மேலிருந்து பார்த்தால் வெறும் கோடாகத் தெரியும் என்பார்கள். நீந்திக் கடக்கும்போது அது உண்மை. முட்டையிடும் காலத்தில் பாருங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு கல்லை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்து, அதில் முட்டைகளை ஒட்டவைக்கும். பிறகு ஒன்று காவல் நிற்க, மற்றது துடுப்பை வீசி முட்டைகளின்மேல் நீரோட்டம் கொடுத்துக்கொண்டிருக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் பெற்றோரைச் சுற்றி ஒரு மேகமாகத் திரளும். ஆபத்தென்றால் தாயோ தகப்பனோ கரிய வயிற்றுத் துடுப்புகளைப் படபடவென்று விரித்து மடக்கும். சிதறிய கூட்டம் அருகில் கூடிவிடும். பெற்றோரின் தோலில் சுரக்கும் கோழையையும் குஞ்சுகள் கொத்தித் தின்னும். விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் 1960-களிலேயே இவற்றைத் தனித்தனியாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்த மேகம் விரிவதும் சுருங்குவதும் மேலிருந்து பார்க்கும்போதுதான் முழுதாகத் தெரியும். மேற்பார்வை என்ற கோய்காரர்களின் அளவுகோலை வைத்தே பார்த்தாலும் குரோமைடு தோற்காது. நிறத்தை ஒரு பார்வையில் பார்த்துவிடலாம். நடத்தையைப் பார்க்க தினமும் குளக்கரையில் உட்கார வேண்டும். வீட்டில் குளம் வெட்டுவதே அதற்குத்தானே?

கொசுவுக்கு கம்பூசியா போதுமே என்பவர்களும் உண்டு. 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன் அது. கொசுப்புழுவோடு பிற மீன்களின் குஞ்சுகளையும் தலைப்பிரட்டைகளையும் சேர்த்தே தின்கிறது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதற்கும் இடமுண்டு. குரோமைடும் கொசுப்புழு தின்னும். போதாதென்றால் தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்மட்டத்தில் காத்திருக்கும் நம் பஞ்சாக்ஸ் மீன் நாலு விட்டால் ஆயிற்று. இவையெல்லாம் நம் ஓடைகளில் இருக்க, பந்துபோல் உப்பவைத்த மோலியும் சாயம் ஏற்றிய கண்ணாடி மீனும்தான் கடைக்கண்ணாடியில் முன்வரிசையில் நிற்கின்றன. மீனின் உடம்பைக் கெடுத்து விற்பதை ரசனை என்று ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

முட்டையிடும் ஜோடி மற்றவற்றை விரட்டும் என்ற புகார் நியாயமானது. பத்தடிக்கு ஆறடிக் குளமென்றால் எட்டுக் குஞ்சுகளுக்கு மேல் வேண்டாம். ஜோடியை அவையே தேர்ந்துகொள்ளும். தட்டைக் கற்களைத் தள்ளித் தள்ளி வையுங்கள். மூலையில் கொஞ்சம் மணல் இருக்கட்டும், பொரிந்த குஞ்சுகளை அவை குழி பறித்து வைக்கும். பாதிப் பரப்பை அல்லி இலை மூடினால் வெயிலுக்கும் மீன்கொத்திக்கும் தப்பும். குஞ்சுகள் பெருகினால் மீன் வளர்க்கும் இன்னொருவருக்குக் கொடுங்கள். கோயோ கம்பூசியாவோ குரோமைடோ, வீட்டுக் குளத்து மீனை ஏரியில் மட்டும் விடாதீர்கள்.