மாமியா, சின்னம்மாவா?

முறை பார்ப்பதில் கெட்டிக்காரியான ஓர் அம்மம்மாவைக் கண்டால் "அவவுக்கு என்ன ஞாபகசக்தி" என்றுதான் எல்லோரும் வியப்பார்கள். அவரிடம் வியக்க வேண்டியது வேறொன்று. வம்சத்தின் கிளைகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பவர் முறை சொல்லத் திணறுவதுண்டு. நாலே பெயர் தெரிந்தவர் சட்டென்று சொல்லிவிடுவதும் உண்டு. முறை பார்ப்பது ஒரு கணக்கு. கொஞ்சத் தகவலை வைத்துக்கொண்டு சரியான விடைக்குப் போய்ச் சேர்வதுதான் அதில் ரசிக்க வேண்டிய இடம். ஊரை விட்டு வந்த பிறகும் அது பிழைத்துக் கிடப்பதற்குக் காரணமும் அதுதான்.

ஒஸ்லோவின் கிழக்கில், இரண்டாம் இலக்க நிலக்கீழ் ரயில் தடத்தின் கடைசிக்கு முந்திய நிலையம் புருசெத். அங்கே வாழும் தமிழரிடையேயும் இந்தக் கணக்கு நடக்கிறது. நோர்வேத் தமிழரின் முன்னோடியாகச் சொல்லப்படும் அந்தோனி ராஜேந்திரம் இந்த நாட்டுக்கு வந்தது 1956இல். பிறகு படிக்க வந்தவர்கள், இலங்கையின் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அகதியாக வந்தவர்கள், வடக்கே ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்துவிட்டுத் தெற்கே இறங்கியவர்கள் என்று பலர், பல வழிகளில் வந்து சேர்ந்தார்கள். ஒரே ஊரவர் ஒரே ஒழுங்கையில் இருந்த காலத்தில் முறை கேட்க வேண்டிய தேவை குறைவு. இங்கே பெயரும் உதவாது. தகப்பன் பெயர் குடும்பப் பெயராகப் பதியப்படுவதால் அண்ணன் பிள்ளைகளுக்கு ஒரு குடும்பப் பெயர், தம்பி பிள்ளைகளுக்கு இன்னொன்று என்றாகிவிடுகிறது. ஆகவே கலியாண மண்டபத்தில் ஒரு பெண்பிள்ளையைப் பார்த்து "நீர் ஆற்றை மகள்?" என்று ஆரம்பித்தே ஆக வேண்டும்.

கணக்கைக் கிட்ட நின்று பார்ப்போம். கேட்கும் பெண்ணின் தகப்பனும் அந்தப் பிள்ளையின் அம்மம்மாவும் கூடப்பிறந்தவர்கள் என்று தெரியவருகிறது. அண்ணன் தங்கச்சி என்றால் அவர்களின் பெண்பிள்ளைகள் ஒருவருக்கொருவர் மச்சாள். அம்மாவுக்கு மச்சாள் என்றால் பிள்ளைக்கு மாமி. மாமியின் மகன் மச்சான். இனி ஒரே ஒரு கண்ணியை மாற்றுங்கள்: தகப்பன் அல்ல, கேட்பவரின் தாயும் அந்த அம்மம்மாவும் அக்கா தங்கச்சி. உடனே கேட்பவர் பிள்ளைக்குப் பெரியம்மாவோ சின்னம்மாவோ ஆகிவிடுகிறார். அவருடைய மகன் அண்ணனோ தம்பியோ ஆகிறான். நோர்வேஜிய மொழியில் இரண்டு பையன்களுமே 'த்ரேமென்னிங்'தான்: பூட்டன் பூட்டி பொது, அவ்வளவே. எத்தனை படி தள்ளி என்பதை அந்தச் சொல் துல்லியமாகச் சொல்கிறது; எந்தப் பக்கம் என்பதைச் சொல்வதில்லை.

இந்தக் கணக்கில் பூட்டன் வரை ஏறிப்போக வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. "உம்மடை அம்மா என்னை என்னெண்டு கூப்பிடுறவ?" என்ற ஒரு கேள்வி போதும். அம்மாவின் அக்கா பெரியம்மா, அம்மாவின் மச்சாள் மாமி. அண்ணனின் மச்சான் எனக்கும் மச்சான். மச்சானின் மச்சான் திரும்பவும் அண்ணன் தம்பி முறைக்கே வந்துவிடுவான், கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் வருவதைப் போல. முந்தைய தலைமுறை தீர்த்துவைத்த விடையை இந்தத் தலைமுறை அப்படியே கையில் வாங்கிக்கொள்கிறது.

1871இல் மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மோர்கன் உலகத்து உறவுமுறைகளைத் தொகுத்து வெளியிட்டபோது, தமிழர் முறையும் வட அமெரிக்காவின் இரகுவாய் மக்களின் முறையும் ஒன்றே என்று முடிவுகட்டினார். ஒருபடி தள்ளிய உறவு வரை அது சரிபோலத்தான் தெரியும். மேலே சொன்ன மாமியிடம் வரும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. இரகுவாய் முறையில் அம்மாவின் மச்சாள்மாரும் சகோதரி முறையினரும் எல்லோரும் தாய் வரிசைதான். தமிழ் முறையில் ஒருத்தி மாமி, இன்னொருத்தி சின்னம்மா. அந்த இரண்டு முறைகளையும் 1964இல் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் மானிடவியலாளர் ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி. ஆக, இந்தக் கலையின் நுட்பம் கிட்டிய சொந்தத்தில் தெரியாது. தூரத்துச் சொந்தத்தில்தான் அது தன் வேலையைக் காட்டும்.

ஒரு மறுப்பு உடனே எழும். மானிடவியலாளர் லூயி துய்மோன் 1953இல் வாதிட்டதுபோல இந்த முறை கலியாண உறவைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றும் ஏற்பாடு. மச்சான் என்றால் கட்டத்தக்கவன். கட்டுகிற வழக்கமே போனபின் சொல் எதற்கு? அதுவும் நோர்வே 2024இல் ஒன்றுவிட்ட சகோதரர் திருமணத்தையே சட்டத்தால் தடைசெய்தது. தடை நியாயமா இல்லையா என்பது வேறு வழக்கு. ஆனால் புருசெத்தில் வளரும் ஒரு பெண்பிள்ளை மச்சானைக் கட்டும் எண்ணம் துளியும் இல்லாமலே மச்சான் என்கிறாள். அண்ணாவிடம் செய்யாத பகிடியை அவனிடம் செய்கிறாள். சொல்லின் வேலை மாறியிருக்கிறது, கணக்கு மாறவில்லை. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: "ஆற்றை பிள்ளை, எந்த ஊர்?" என்ற விசாரணைக்குள் சாதி விசாரணை ஒளிந்திருக்கிறது. உண்மை. பல வேளைகளில் அதற்காகவே கேட்கப்படுகிறது. கணக்கை ரசிப்பவர் இதை மூடிமறைக்கக் கூடாது. ஆனாலும் முறை தெரிய ஒரு கேள்வி போதும் என்றேனே. அது தெரிந்த பிறகும் கேள்விகள் நீண்டால், கேட்பவருக்கு வேண்டியது முறையல்ல என்று கண்டுகொள்ளலாம்.

செயலிகள் குடும்ப மரம் வரைகின்றனவே என்பார்கள். நல்ல கருவிகள்தான். ஆனால் அவற்றுக்கு மரம் முழுவதும் வேண்டும். இடப்பெயர்வில் பதிவுகளை இழந்துவிட்டு வந்தவர்களிடம் இருப்பதோ முறிந்த கிளைகள். இன்னொன்று, தமிழ்முறைக்கு வயதும் வேண்டும்: பெரியப்பாவா சித்தப்பாவா என்பது அப்பாவுக்கு மூத்தவரா இளையவரா என்பதைப் பொறுத்தது. பிறந்த தேதியை நேரே கேட்பது மரியாதைக் குறைவென்றால் "எந்த வருசம் ஓ.எல். எடுத்தனீங்கள்?" என்று சாதாரண தரப் பரீட்சை எடுத்த ஆண்டைக் கேட்டு விஷயத்தை முடிப்பார்கள்.

சிக்கல் வருவது சொந்தத்துக்குள் சொந்தம் கட்டிய குடும்பங்களில். தகப்பன் வழியில் பார்த்தால் மாமா, தாய் வழியில் பார்த்தால் சித்தப்பா. தமிழகத்தில் சில சமூகங்களில் அக்கா மகளைக் கட்டுவதால் தலைமுறைகளே கலந்துவிடும். யாழ்ப்பாணத்தில் அந்த வழக்கம் இல்லாததால் குழப்பம் கொஞ்சம் குறைவு. கிட்டிய வழியை எடுப்பது பொது விதி. இரண்டும் ஒரே தூரம் என்றால் தேர்ந்தவர்கள் ஆளைப் பார்த்து முடிவெடுப்பார்கள்: கண்டிப்பு வேண்டிய இடத்தில் சித்தப்பா, பகிடி வேண்டிய இடத்தில் மாமா. விதிக்கு இது முரண் என்று யாரும் சொல்ல முடியாது, இரண்டு விடையும் சரி என்பதால்.