பனி எத்தனை சதவீதம்? கலிஃபோர்னியா வறட்சிக் கணக்கு மீது ஒரு விமர்சனம்

2015 ஏப்ரல் 1. கலிஃபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன் சியரா நெவாடா மலையில் ஃபிலிப்ஸ் ஸ்டேஷன் என்ற இடத்தில் நின்றுகொண்டு, நகரங்கள் தண்ணீர்ப் பயன்பாட்டை 25% குறைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். வழக்கமாக அந்தத் தேதியில் அங்கே ஐந்தடிக்கு மேல் பனி கிடக்கும். அவர் நின்றதோ காய்ந்த புல்தரையில். மாநிலம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால், சராசரியில் வெறும் 5% பனிதான் இருந்தது. அந்தப் படமும் அந்த 5 என்ற எண்ணும் உலகம் சுற்றி வந்தன.

எண் சரியானதுதான். அந்த ஒரு எண்ணை வைத்தே வறட்சி எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று தீர்ப்பு சொல்லும் பழக்கம்தான் எனக்கு உறுத்துகிறது.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் நடத்திக்கொண்டிருந்த ஜேம்ஸ் சர்ச் என்ற பேராசிரியர், 1900-களின் தொடக்கத்தில் மவுண்ட் ரோஸ் மலையில் உருவாக்கிய முறை இது. நீளமான குழாயைத் தரை தட்டும் வரை பனிக்குள் இறக்கி, வெளியே எடுத்து, எடை போடுவார்கள். ஏன் எடை? ஆழம் ஏமாற்றும். புதுசாக விழுந்த ஓரடிப் பனி உருகினால் ஏறக்குறைய ஓர் அங்குலத் தண்ணீர்தான் கிடைக்கும். வசந்த காலத்தில் இறுகிக் கிடக்கும் அதே ஓரடியில் நாலைந்து அங்குலம் இருக்கும். கலிஃபோர்னியா 1929-இல் இருந்து இப்படி அளந்து வருகிறது. இப்போது மேலே படியும் பனியின் எடையைத் தானே பதிவுசெய்யும் கருவிகளும் மலையில் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. சும்மா சொல்லக் கூடாது, இந்த எண்கள் எல்லாம் தினமும் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

சிக்கல் தொடங்குவது சதவீதத்தில்தான். எதில் சதவீதம்?

2021 டிசம்பர் 30 அன்று பனி சராசரியில் 160%. செய்திகளில் ஒரே கொண்டாட்டம். மூன்றே மாதத்தில், 2022 ஏப்ரல் 1 அன்று, 38%. பனி ஒரேயடியாக மாயமாகிவிடவில்லை. முதல் எண், டிசம்பர் கடைசியில் வழக்கமாக எவ்வளவு இருக்குமோ அதோடு ஒப்பிட்டது. அந்த நேரத்தில் பகுதி எண்ணே சிறியது. இரண்டு பெரிய புயல் வந்தால் போதும், சதவீதம் எகிறிவிடும். இரண்டாவது எண், பனி உச்சத்தில் இருக்க வேண்டிய தேதியின் சராசரியோடு ஒப்பிட்டது. நடுவில் ஜனவரி முதல் மார்ச் வரை வானம் கைவிட்டது. பகுதி எண் மாறுகிற இரண்டு பின்னங்களை அப்படியே பக்கத்தில் வைத்துக் காட்டினால், எங்கள் ஆபீஸ் கோட் ரிவ்யூவில் விடவே மாட்டார்கள்.

சராசரியும் நிலையான ஒன்றில்லை. இப்போது பயன்படுத்துவது 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுச் சராசரி. 2012-இல் தொடங்கிய அந்த நீண்ட வறட்சியும் அதற்குள்ளேயே அடக்கம். வறண்ட ஆண்டுகள் சேரச் சேர 'வழக்கம்' என்பதே கீழே இறங்கும். அப்புறம் 100% என்று காட்டினாலும், அது தாத்தா காலத்து 100% ஆகாது.

இதைவிடப் பெரிய ஓட்டை, பனிக்கும் அணைக்கும் நடுவில் இருக்கும் மண். 2021 ஏப்ரல் 1 அன்று பனி சுமார் 60%. ரொம்ப மோசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் முந்தைய ஆண்டும் வறண்டதுதான். காய்ந்து கிடந்த மண் உருகிய நீரைக் குடித்துவிட்டது, வெயில் மீதியைக் கொண்டுபோனது. அணைகளுக்கு வரும் என்று கணித்திருந்த நீரில் பல லட்சம் ஏக்கர்-அடி சில வாரங்களில் கணக்கிலிருந்து காணாமல் போனது. (ஒரு டிஎம்சி என்பது சுமார் 23,000 ஏக்கர்-அடி.) அந்த ஆகஸ்டில் ஓரோவில் அணையின் நீர்மின் நிலையம், நீர்மட்டம் போதாமல், வரலாற்றில் முதல்முறையாக நின்றது. நீர்வளத் துறையின் கணிப்பு முறை பருவநிலை மாற்றத்தைப் போதுமான அளவு கணக்கில் எடுப்பதில்லை என்று மாநிலத் தணிக்கையாளரே 2023-இல் அறிக்கை கொடுத்தார்.

அணைப் படத்துக்கும் இதே கதைதான். ஒவ்வொரு அணைக்கும் ஒரு பட்டை, அதில் நீல நிறம் எவ்வளவு என்று காட்டுவார்கள். பார்க்க அழகு. ஆனால் ஜனவரியில் பாதி காலியாக இருக்கும் அணை பஞ்சத்தில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. வெள்ளம் வந்தால் தாங்குவதற்காக வேண்டுமென்றே இடம் விட்டு வைத்திருப்பார்கள். அதே பாதி காலி செப்டம்பரில் என்றால் பொருள் வேறு. பட்டைக்கு மாதம் தெரியாது.

கடைசியாக, அந்தப் படத்தில் இல்லவே இல்லாத ஒரு பட்டை: நிலத்தடி நீர். சாதாரண ஆண்டில் கலிஃபோர்னியாவின் தண்ணீரில் ஏறக்குறைய 40% பூமிக்கடியில் இருந்துதான் வருகிறது. வறட்சியில் இது 60% வரை போகும். அதாவது அணை வற்ற வற்ற எல்லாரும் போர் போட்டு உறிஞ்சுகிறார்கள். டுலாரி கவுண்டியில் ஈஸ்ட் போர்ட்டர்வில் என்று ஒரு சின்ன ஊர், பெரும்பாலும் விவசாயக் கூலிகள் வாழும் ஊர். ஆளுநர் புல்தரையில் நிற்பதற்கு முந்தைய ஆண்டே, 2014-இல், அங்கே நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வற்றிவிட்டன. குடிக்க பாட்டில் தண்ணீர், மற்றதுக்கெல்லாம் வாசலில் லாரி வந்து நிரப்பும் தொட்டி. அவர்களுடைய வறட்சி எந்த ஏப்ரல் 1-லும் தொடங்கவில்லை.

முடியவும் இல்லை. 2017-இல் பனி சராசரியில் ஒன்றரை மடங்கைத் தாண்டியது, ஏப்ரல் 7 அன்று வறட்சி முடிந்தது என்று அறிவித்தார்கள். அறிவிப்பைக் கவனித்துப் படித்தால் ஒரு விலக்கு இருக்கிறது: ஃப்ரெஸ்னோ, கிங்ஸ், டுலாரி, டுவாலமி ஆகிய நான்கு கவுண்டிகளுக்கு இது பொருந்தாது. காரணம், நிலத்தடி நீர் அங்கே இன்னும் தேறவில்லை. ஆக, அரசுக்கு விஷயம் தெரியும். தலைப்பில் பனி, அடிக்குறிப்பில் கிணறு.

வற்றிப்போன வீட்டுக் கிணறுகளை மக்கள் பதிவு செய்ய ஒரு பக்கத்தை அதே நீர்வளத் துறைதான் நடத்துகிறது. தரவு இருக்கிறது, வேறொரு மூலையில் இருக்கிறது, அவ்வளவுதான். பனி, அணை, மண் ஈரம், வற்றிய கிணறு நாலையும் ஒரே திரையில், ஒரே தேதியில் போடுவது பெரிய தொழில்நுட்பச் சவால் இல்லை. அப்படிப் போட்டால், "வறட்சி முடிந்தது" என்று ஒரு வரியில் எழுதுவது மட்டும் கொஞ்சம் கஷ்டமாகிவிடும். அந்தக் கஷ்டம் இருக்க வேண்டியதுதான்.